குளிரும் மழையுமா இருக்கற ஊர்ல தேனீ வளர்க்க எந்தத் தேனீ, எந்த மூடி, எந்தப் பெட்டி?

தேனீ வளர்க்கலாம்னு இறங்கறவங்க எல்லாரும் முதல்ல பெட்டியத்தான் பார்க்கறாங்க. மரமா தெர்மகோலா, இந்த சைஸா அந்த சைஸா, எத்தனை அடுக்குன்னு வாரக்கணக்கா மண்டைய உடைச்சுக்கிட்டு, கடைசியில தேனீ மட்டும் எது கையில கிடைக்குதோ அத வாங்கி உள்ள விட்டுடறாங்க. நல்லா வெயில் அடிக்கற ஊர்ல அப்படிப் பண்ணாலும் ஏதோ ஓடிடும். ஸ்காட்லாந்து மேற்குக் கரை, அயர்லாந்து, நார்வே கடலோரம் மாதிரி கோடையிலயும் ஸ்வெட்டரக் கழட்ட யோசிக்க வேண்டிய, வாரத்துல பாதி நாள் தூறிக்கிட்டே இருக்கற இடத்துல இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதல்ல எந்தத் தேனீ, அடுத்து கூட்டுக்கு மேல என்ன மூடி, மூணாவதாத்தான் பெட்டி. என்னோட கருத்து இதுதான், ஏன்னு சொல்றேன்.

2012ல இங்கிலாந்துல கோடை முழுக்க மழை. அதுக்கு அடுத்து வந்த 2012-13 குளிர்காலத்துல பிரிட்டிஷ் தேனீ வளர்ப்போர் சங்கம் எடுத்த கணக்குப்படி இங்கிலாந்துல 100 கூட்டத்துக்கு 33.8 செத்துப்போச்சு, அதுக்கு முந்தின குளிர்காலத்துல அதே கணக்கு 16.2தான். ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு. அதுக்குள்ள யாரும் பெட்டிய மாத்திடல. கோடையில மழை விடாததால பூவுக்குப் போக முடியல, தேன் சேரல, புது ராணிங்க ஒழுங்கா இணை சேரல, அதோட 2013 வசந்தமும் லேட்டா வந்து பட்டினி போட்டுச்சு. இங்க எல்லாரும் டிசம்பர் ஜனவரிய நினைச்சுப் பயப்படறாங்க, ஆனா அந்தக் கூட்டங்களோட கதை பாதி ஜூன் ஜூலையிலயே முடிஞ்சுடுது.

ராணி விஷயத்தக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். புதுசா பொறந்த ராணிக்கு இணை சேர மூணு நாலு வாரம்தான் டைம். அது பறக்கறதுக்கு காத்து அதிகம் இல்லாத, ஓரளவு வெயில் இருக்கற, சுமார் 18-20 டிகிரி உள்ள மத்தியானம் வேணும். ஒரு மாசம் விடாம மழை பெஞ்சா அந்த டைம் கடந்துடும், அதுக்கப்புறம் அது கருவுறாத முட்டை மட்டும்தான் போடும், அதுல ஆண் தேனீதான் வரும், வேலை செய்ய ஆள் இல்லாம கூட்டம் தேஞ்சு போயிடும். பாதி இணை சேர்ந்துட்டு வந்த ராணி இன்னும் மோசம், ஆகஸ்ட் வரைக்கும் எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியும், இலையுதிர் காலத்துல திடீர்னு படுத்துடும். இதுக்கு எவ்வளவு காஸ்ட்லி பெட்டி வாங்கினாலும் ஒண்ணும் பண்ண முடியாது. குறைஞ்ச வெப்பத்துலயும் பறக்கற இனம்தான் இதுக்கு வழி.

சரி, தேனீக்கு வருவோம். நடைமுறையில நாலு சாய்ஸ் இருக்கு.

முதல்ல வடமேற்கு ஐரோப்பாவோட சொந்தக் கருப்புத் தேனீ, அபிஸ் மெல்லிஃபெரா மெல்லிஃபெரான்னு பேரு. அயர்லாந்துல ஆரம்பிச்சு யூரல் மலை வரைக்கும் பரவி இருந்த இனம். உடம்பு கொஞ்சம் பெருசு, முடி நீளம், நிறம் கிட்டத்தட்ட கருப்பு. ஏப்ரல் தொடக்கத்துல 10 டிகிரியத் தொடாத, மேகம் மூடின ஒரு நாள் மத்தியானம் வாசல் பக்கத்துல குந்திப் பாருங்க, மத்த பெட்டிங்க எல்லாம் அமைதியா இருக்கறப்ப இதுங்க மட்டும் காலுல வில்லோ மகரந்தத்த மஞ்சளா அப்பிக்கிட்டு ஒண்ணு ரெண்டா வந்து இறங்கும், இறக்கையில பொடிப்பொடியா தூறல் ஒட்டியிருக்கும். பூ இல்லன்னா ராணி உடனே முட்டையக் குறைச்சுடும், அதனால ஒரு வாரம் மழை பெஞ்சாலும் பசியில விழாது. கூட்டம் சின்னதாதான் இருக்கும், ஆனா குளிர்காலத் தேனீங்க நாள் நிறைய தாங்கும். ராணி தூரம் போகாம பெட்டிங்க பக்கத்துலயே, மோசமான வானிலையிலயும் இணை சேர்ந்துடும்னு இத வளர்க்கறவங்க உறுதியா சொல்றாங்க. குறைன்னு பார்த்தா, நல்ல வருஷத்துல மத்த இனத்த விட தேன் கம்மியா வரலாம். அப்புறம் வேற இனத்து ஆணோட கலந்துட்டா அடுத்தடுத்த தலைமுறை கோவக்காரங்களா மாறிடும், பெட்டிய மூடிட்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்தாலும் முகத்தச் சுத்திக்கிட்டே பின்னாடி வரும்.

ரெண்டாவது கார்னியோலன், ஸ்லோவேனியா பக்கத்து சாம்பல் நிறத் தேனீ. சாதுவானது, குளிர்காலத்துல சின்னக் கூட்டமா சிக்கனமா இருந்துட்டு வசந்தத்துல முதல் மகரந்தம் வந்ததும் ராக்கெட் மாதிரி ஏறும். மலைநாட்டு இனம், குளிர் இதுக்குப் புதுசு இல்ல. பிரச்சனை என்னன்னா கூட்டம் பிரிஞ்சு ஓடறதுல கில்லாடி. மே மாசம் ஒரு வாரம் மழையில உள்ள அடைஞ்சு கிடந்துட்டு, வெயில் வந்த முதல் நாளே பாதிக் கூட்டம் மரத்துல தொங்கும். வாரா வாரம் திறந்து புது ராணி வளர்க்கற அறை கட்டுதான்னு பார்க்கணும், ஆனா மழையில திறக்க முடியாது, அப்ப எப்படிப் பார்ப்பீங்க? அதனால ஈரமான ஊர்ல இது அனுபவம் உள்ளவங்களுக்கானதுன்னு நினைக்கறேன்.

மூணாவது பக்ஃபாஸ்ட். இது சொந்தமா ஒரு ஊர் இல்லாத, மனுஷன் உருவாக்கின கலப்பு. 1900களோட தொடக்கத்துல வைட் தீவுல ஒரு நோய் ஆரம்பிச்சு பிரிட்டன் முழுக்க தேனீங்களக் காலி பண்ணிச்சு. டெவன்ல இருக்கற பக்ஃபாஸ்ட் மடத்துல 1916ல 46 கூட்டத்துல 30 போயிடுச்சு, தப்பிச்ச 16ம் இத்தாலிய ரத்தம் உள்ளது. அங்க இருந்த ஆடம்ங்கற துறவி அதுல ஆரம்பிச்சு பல நாட்டுத் தேனீங்களக் கலந்து, தேர்ந்தெடுத்து, வாழ்நாள் பூரா இதே வேலையா இருந்து உருவாக்கினதுதான் இது. சாது, பிரிஞ்சு போறது கம்மி, பூ இருந்தா தேன் கொட்டும். ஆனா கூட்டம் பெருசு, அதுக்குத் தீனியும் பெருசு. மழை வாரத்துல அத்தனை வாயும் உள்ள உக்காந்து தின்னும். இன்னொண்ணு, ராணி தானா வெளிய போய் இணை சேர்ந்தா அடுத்த தலைமுறை எப்படி வரும்னு சொல்ல முடியாது, அதனால நல்ல குணம் வேணும்னா அப்பப்ப ராணி வாங்கிக்கிட்டே இருக்கணும்.

நாலாவது இத்தாலியத் தேனீ. பார்க்க அழகு, பொன் நிறம், சாது. பூ இருக்கோ இல்லையோ ராணி முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், சேர்த்த தேன் எல்லாம் புழுவுக்கே போயிடும். ஈரமான கடலோர ஊருக்கு வேண்டாம்னு நான் நேராவே சொல்லிடுவேன். உடனே யாராவது பின்லாந்தக் காட்டுவாங்க, அங்க பரவலா இத்தாலியத் தேனீதான வளர்க்கறாங்கன்னு. உண்மைதான். ஆனா பின்லாந்து உள்நாட்டுல குளிர்காலம் கடுமையானாலும் ஒரே சீரா வறண்டு இருக்கும், தேனீ ஒரே மூச்சுல அடங்கிக் கிடக்கும், கோடை சின்னதுன்னாலும் பகல் நீளமா பளிச்சுன்னு இருக்கும், அதோட கெட்டியான தெர்மகோல் பெட்டியும் நிறைய சர்க்கரையும் குடுத்துத்தான் அத ஓட்டறாங்க. கடலோர ஊர் அப்படி இல்ல, இங்க குளிர்காலம் 5 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் நடுவுல இழுத்துக்கிட்டு கிடக்கும், ராணி முழுசா ஓய்வெடுக்காது, வெளிய பறக்கவும் முடியாது, தேன் மட்டும் குறைஞ்சுக்கிட்டே போகும்.

என் தேர்வு கேட்டா, கருப்புத் தேனீ பக்கத்துல கிடைச்சா அதுதான். கிடைக்கலன்னா இனப் பேரப் பார்க்காதீங்க, உங்க ஊர் மாதிரியே மழை பெய்யற இடத்துல குறைஞ்சது ஒரு குளிர்காலத்தத் தாண்டின கூட்டத்த பக்கத்துல இருக்கற வளர்ப்பாளர்கிட்ட வாங்குங்க. தெற்கு நாட்டுல இருந்து மார்ச் மாசமே வந்து இறங்கற கூட்டம் அந்த வருஷம் ஜோரா இருக்கும், அடுத்த வருஷம்தான் தெரியும். சுத்தி வீடுங்க நெருக்கமா இருந்து, குழந்தைங்க விளையாடற தோட்டம்னா மட்டும் பக்ஃபாஸ்ட் ராணி வாங்கறது நியாயம், தேன் கொஞ்சம் போனாலும் பக்கத்து வீட்டோட சண்டை வராது.

இதுல ஒரு தர்மசங்கடமும் இருக்கு. ஒரு ராணி வானத்துல பத்துப் பன்னெண்டு ஆணோடயாவது சேரும், அந்த ஆண் உங்க பெட்டியில இருந்தும் போகலாம் பக்கத்துக்காரர் பெட்டியில இருந்தும் வரலாம். அதனால நீங்க வாங்கற இனம் உங்க சொந்த விஷயம் மட்டும் கிடையாது. ஸ்காட்லாந்துல கோலன்சே, ஓரன்சே தீவுகள்ல கருப்புத் தேனீயத் தவிர வேற தேனீ வளர்க்கக் கூடாதுன்னு 2013ல ஆணை போட்டு 2014 ஜனவரில இருந்து அமல்ல இருக்கு. உங்க சுத்து வட்டாரத்துல நாலு பேரு கஷ்டப்பட்டு கருப்பு இனத்தக் காப்பாத்திக்கிட்டு இருந்தா, அங்க போய் பொன் நிறத் தேனீய விடறது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்ப மூடி. கேக்க அல்பமா இருக்கும், ஆனா பெட்டியோட மத்த எல்லாத்தையும் விட இதுக்குத்தான் நான் மார்க் அதிகம் குடுப்பேன்.

வெளிய சுமார் 14 டிகிரிக்குக் கீழ போனா தேனீங்க ஒண்ணா சேர்ந்து பந்தா சுருண்டுக்கும். புழு இருந்தா பந்தோட நடுவுல 34-35 டிகிரி, புழு இல்லன்னா 20 சொச்சம். அந்தச் சூட்டுக்கு எரிபொருள் தேன்தான். சர்க்கரை எரிஞ்சா தண்ணி வரும்ங்கறது பள்ளிக்கூட வேதியியல், 180 கிராம் குளுக்கோஸ் எரிஞ்சா 108 கிராம் தண்ணி, அதோட தேன்லயே பதினெட்டு சதவீதம் கிட்ட தண்ணி இருக்கு. கூட்டிப் பார்த்தா ஒரு கிலோ தேன் தின்னா முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கீழ தண்ணி ஆவியா வெளிய வரும். குளிர்காலத்துக்கு 15 கிலோ தின்னுச்சுன்னா சுமார் 10 லிட்டர். ஒரு வாளித் தண்ணி ஆவியா அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள சுத்துது. அது எங்க போய் படியுதுங்கறதுதான் கேள்வி.

ஜனவரியில மரப்பெட்டி ஒண்ணோட மேல்கூரையத் தூக்கி உள்மூடிய மெல்ல நிமித்திப் பார்த்தா தெரியும், அடிப்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி வரிசையா தொங்கிட்டு இருக்கும், லேசா ஆட்டினா நேர தேனீப் பந்து மேலயே சொட்டும். ஓரத்துச் சட்டங்கள்ல (தேனீ அடை கட்டறதுக்கு உள்ள தொங்க விடற மரச்சட்டம்) சாம்பல் பச்சையா பூஞ்சை ஏறியிருக்கும், சட்டத்தோட மரமே உப்பியிருக்கும். சூடான ஈரக்காத்து மேல போய் ஜில்லுன்னு இருக்கற பலகையத் தொட்டதும் தண்ணியாகுது, அவ்வளவுதான் விஷயம். நனைஞ்ச தேனீ சூட்டக் காப்பாத்த முடியாது.

இதுக்கு ரெண்டு பள்ளி இருக்கு. பழைய பள்ளிக்காரங்க உள்மூடிக்கு நாலு மூலையிலயும் தீக்குச்சி வெச்சு இடைவெளி விடுவாங்க, ஈரம் அப்படியே மேல வெளிய போயிடட்டும்னு. வேலை செய்யுமான்னா செய்யும், ஈரம் போகும், ஆனா கூடவே சூடும் போகும், போன சூட்டுக்குப் பதிலா தேனீ இன்னும் தேன் தின்னும், தின்னா இன்னும் தண்ணி வரும். இன்னொரு பள்ளி என்ன சொல்லுதுன்னா, மேல ஒரு ஓட்டையும் விடாத, அஞ்சு சென்டிமீட்டர் இன்சுலேஷன் போர்டு ஒண்ண உள்மூடி மேல வெச்சு கூரையப் போடுன்னு. அப்ப மேல்பக்கம் சூடாவே இருக்கும், தண்ணி அங்க படியாது, பக்கச் சுவர்லதான் படியும். சுவர்ல வழியற தண்ணி தேனீ மேல விழாது, அதுக்கு மேல அதுங்களுக்கு அது குடிதண்ணியாவும் ஆகுது, பிப்ரவரியில புழுவுக்குத் தீனி கரைக்க வெளிய போய் தண்ணி எடுக்க வேண்டியதில்ல. கவுத்து வெச்ச டம்ளர் மாதிரி சூடான காத்து மேலயே தங்கிடும், கீழ வாசல் திறந்திருந்தாலும் பரவாயில்ல.

ரெண்டுல ரெண்டாவதுதான் எனக்குச் சரியாப் படுது, மழை ஊர்ல இன்னும் கூடுதலா. வெளிக்காத்தே ஈரமா இருக்கற இடத்துல அத உள்ள இழுத்து சூடு பண்ணி வெளிய அனுப்பறது நஷ்ட வியாபாரம். ஒரே ஒரு கண்டிஷன், மேல்பக்கம் சுவர விட நல்லா மூடியிருக்கணும், உள்மூடியில தீனிக்கு விட்ட ஓட்டை இருந்தா அதையும் அடைச்சுடணும். நடுவுல மூணாவதா ஒரு வழியும் உண்டு, பிரெஞ்சுப் பாதிரியார் வாரே வடிவமைச்ச பெட்டியில வர்ற மாதிரி மேல ஒரு சின்னப் பெட்டியில மரச்சீவல் நிரப்பி வெக்கறது. சீவல் ஈரத்த உறிஞ்சிக்கும். ஆனா வெளியில இருந்தும் ஈரம் வர்ற ஊர்ல சீவலே ஊறிப்போய் நிக்கும், நடுவுல மாத்த வேண்டி வரும்.

இப்பதான் பெட்டி. மரமா தெர்மகோலா?

தெர்மகோல்னா டிவி பேக்கிங்ல வர்ற உதிரற சரக்க நினைக்காதீங்க, அழுத்திச் செஞ்ச கெட்டி ரகம், மேல நின்னாலும் தாங்கும். கணக்கு மட்டும் பார்த்தா போட்டியே இல்ல. மரப்பெட்டிச் சுவர் சுமார் 2 சென்டிமீட்டர், தெர்மகோல் சுமார் 4. தடிமனையும் பொருளையும் சேர்த்துப் பார்த்தா தெர்மகோல் சுவர் சிடார் மரச் சுவர விட ஆறு மடங்கு கிட்ட சூட்டத் தடுக்கும். தேனீ தானா தேடிப் போற மரப்பொந்தோட சுவர் எவ்வளவு தடிமன்னு யோசிச்சா, நாம குடுக்கற 2 சென்டிமீட்டர் பலகை ஒரு மேல்சட்டை மாதிரி கூட இல்லன்னு புரியும். பலன் எங்க தெரியும்னா வசந்தத்துல. மரப்பெட்டியில புழு நடு நாலஞ்சு சட்டத்துலயே நிக்கும், ஓரச் சட்டம் ஜில்லுன்னு இருக்கறதால ராணி அங்க போகாது. தெர்மகோல்ல கடைசிச் சட்டம் வரைக்கும் புழு போகும்.

ஆனா குறையும் நிறைய. பச்சை மரங்கொத்தி ஒரு கடுங்குளிர் வாரத்துல கைமுஷ்டி போற அளவு ஓட்டை போட்டுடும் (மரத்துலயும் போடும், தெர்மகோல்ல சீக்கிரம் போடும்), அதனால சுத்திக் கோழிவலை கட்டணும். எறும்பும் மெழுகு அந்துப் புழுவும் சுவருக்குள்ள சுரங்கம் தோண்டும். வெயில் பட்டா மேல்பகுதி உதிரும், பெயின்ட் அடிச்சே ஆகணும். மரப்பெட்டின்னா நோய்க்கு அப்புறம் உள்பக்கத்த நெருப்புல சுட்டெடுத்துடலாம், இத சலவைச் சோடா கரைசல்ல ஊறவெச்சுத் தேய்க்கணும், குளிர் ஊர்ல நவம்பர்ல அந்த வேலையச் செய்யறது ஒரு தண்டனை. பிசின சுரண்டினா கூடவே ஒரு துண்டு பேந்து வரும். லேசா இருக்கறதால காத்துல பறக்கும், பட்டையப் போட்டுக் கீழ கட்டிடணும். கம்பெனிக்குக் கம்பெனி வெளி அளவு மாறும், ஒண்ணோட கூரை இன்னொண்ணுக்குப் பொருந்தாது, இந்த எரிச்சல வாங்கறதுக்கு முன்னாடி யாரும் சொல்ல மாட்டாங்க.

சிடார் மரம் லேசு, மழையில மக்காது, மேல ஒண்ணும் பூச வேண்டாம். பைன் மரம் கனம், பெயின்ட் இல்லாம மழையில வெச்சா ரெண்டு மூணு வருஷத்துல மூலை பிரிய ஆரம்பிச்சுடும். ஏற்கெனவே மரப்பெட்டி இருந்தா தூக்கிப் போட்டுட்டு தெர்மகோல் வாங்க வேண்டியதில்ல, மேல கனமான இன்சுலேஷன், சுத்தி நாலு பக்கமும் அதே போர்டுல ஒரு சட்டை, அக்டோபர்ல போட்டு ஏப்ரல் கடைசியில கழட்டுங்க, முக்கால்வாசிப் பலன் வந்துடும். படக்கதைப் புத்தகத்துல எல்லாம் வெள்ளையா மாடி மாடியா ஒரு பெட்டி வரும் பாருங்க, அது 1890ல வந்த டபிள்யூபிசி பெட்டி, உள்ள ஒரு பெட்டி வெளிய ஒரு கூடு. மழைக்கு அருமை, உள்பெட்டி நனையவே நனையாது. ஆனா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அத்தனை மாடியையும் கழட்டி புல்லுல அடுக்கணும், அதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். புதுசா வாங்கறவங்களுக்கு, பெட்டி எத்தனைன்னு கேட்டுத்தான் பதில் சொல்வேன். ரெண்டு மூணு பெட்டின்னா தெர்மகோல். நிறைய பெட்டி வெச்சு ஹெதர்ங்கற மலைப்புதரோட பூவுக்கு மலைமேல தூக்கிட்டுப் போய் வரணும்னா, அடிபட்டாலும் தாங்கற சிடார்.

வடிவத்தப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பிரிட்டிஷ் நேஷனல் பெட்டி 46 சென்டிமீட்டர் சதுரம், 11 சட்டம், கருப்புத் தேனீக்கு ஒரு புழு அறை (ராணி முட்டை போடற அடுக்கு) போதும், பக்ஃபாஸ்ட்டுக்கு ஒண்ணரை இல்ல ரெண்டு வேணும். லாங்ஸ்ட்ராத் 1852ல இருந்து உலகம் பூரா ஓடற வடிவம், கொஞ்சம் பெருசு, நல்ல பெட்டி. ரெண்டுல உங்க பக்கத்துல இருக்கறவங்க எது வெச்சிருக்காங்களோ அத வாங்குங்க, ஆபத்துக்கு ஒரு சட்டம் கடன் வாங்கலாம். நீளவாட்டுல தொட்டி மாதிரி இருக்கற, கட்டையில அடை தொங்கற பெட்டி மட்டும் இந்த ஊருக்கு வேண்டாம். குளிர்ல தேனீப் பந்து மேல ஏறும், பக்கவாட்டுல அடையத் தாண்டி நகராது. ரெண்டு அடைக்கு அந்தப் பக்கம் தேன் அப்படியே மூடி போட்டபடி இருக்க, இந்தப் பக்கம் அறைக்குள்ள தலைய விட்டபடியே மொத்தக் கூட்டமும் செத்துக் கிடக்கும்.

அடிப்பலகை கம்பிவலையா மரமாங்கறதுக்கு இடத்தப் பார்த்து முடிவு பண்ணுங்க. வேலிக்கு மறைவா, காத்து அடிக்காத இடம்னா வலை நல்லது, மேல நல்லா மூடியிருந்தா கீழ திறந்திருக்கறதால கெடுதல் இல்ல, வரோவா உண்ணி எத்தனை விழுதுன்னும் தட்டு வெச்சு எண்ணலாம். கடல்காத்து நேரா வர்ற மேட்டுல இருந்தா வலைக்குக் கீழ தட்ட சொருகிடுங்க. மர அடிப்பலகைன்னா பெட்டிய வாசல் பக்கம் லேசா சாய்ச்சு வைங்க, தண்ணி தானா வழிஞ்சு போகும். பள்ளத்துல மட்டும் வைக்காதீங்க, குளிர்ந்த காத்தும் ஈரமும் அங்கதான் தேங்கும், வசந்தத்துல வாசப்படியில வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி மாதிரி செத்த புழு கிடந்தா முதல்ல இடத்தச் சந்தேகப்படுங்க.

தீனியிலயும் ரெண்டு கட்சி. அதோட தேன அதுக்கே விட்டுடுன்னு ஒரு கட்சி, தேன எடுத்துட்டு சர்க்கரை குடுன்னு இன்னொண்ணு. கொள்கையா பார்த்தா முதல் கட்சி அழகு, ஆனா என்ன தேன்ங்கறதப் பொறுத்தது. அசுவினி சுரக்கற இனிப்பத் தேனீ எடுத்துட்டு வந்து செய்யற தேன்ல கழிவு அதிகம், வாரக்கணக்கா வெளிய போக முடியாத தேனீக்கு அது பேதி கொண்டு வரும். ஐவிங்கற கொடியோட பூத் தேன் அடையிலயே கல்லா உறையும், கரைக்கத் தண்ணி வேணும். ஹெதர் தேன் பொதுத் தேன விட ஈரம் கூட, ஐரோப்பிய விதியில மத்த தேனுக்கு 20 சதவீதம்னா இதுக்கு 23 வரைக்கும் விட்டிருக்காங்க. அதனால கோடைத் தேன் கொஞ்சம் விட்டு, மீதிக்கு ரெண்டு பங்கு சர்க்கரை ஒரு பங்கு தண்ணின்னு பாகு குடுக்கற கலப்பு வழிதான் எனக்குப் பிடிச்சது. மொத்தத்துல 20 கிலோ கிட்ட உள்ள இருக்கணும். பாகு செப்டம்பருக்குள்ள முடிஞ்சுடணும், அதுக்கப்புறம் அத வத்த வெக்க அதுங்களால முடியாது, மூடாத பாகு இன்னும் ஈரத்தத்தான் கூட்டும். நடுக்குளிர்ல பின்பக்கத்த ஒரு கையால தூக்கிப் பார்த்து லேசா இருந்தா கெட்டி ஃபாண்டன்ட் (பிசைஞ்ச சர்க்கரை) கட்டிய நேர பந்துக்கு மேல வைங்க. வசந்தத் தேன மே கடைசியில எடுத்துட்டு ஜூன்ல மழை பிடிச்சுக்கிட்டா, கோடை நடுவுலயே கூட்டம் பட்டினியில சாகும், அதனால பாகு சாமான மூட்டை கட்டி வைக்காதீங்க.

வரோவா உண்ணிக்கு மருந்துலயும் வானிலை குறுக்க வரும். தைமால் ஜெல் ஆவியாகறதுக்கு 15 டிகிரிக்கு மேல வேணும், குளிர் ஊர்ல ஆகஸ்ட் கடைசியே லேட். அந்த நேரத்துல தேன் அறை (தேன் சேர்க்கற மேல் அடுக்கு) மேல இருக்கும், ஹெதர் பூத்துக்கிட்டு இருக்கும், மருந்தா தேனான்னு இழுபறி. ஹெதருக்குப் போகாதவங்க ஆகஸ்ட் தொடக்கத்துலயே தைமால் போட்டுடலாம். போறவங்க வெப்பத்த நம்பாத, சட்டத்துக்கு நடுவுல தொங்க விடற பட்டை மருந்துக்குப் போகறது நல்லது, அதையும் தேன் அறைய எடுத்த அன்னைக்கே போடணும். ரெண்டு பேருக்கும் பொதுவா, டிசம்பர் கடைசி வாக்குல புழு இல்லாத சமயத்துல ஒரு தடவை ஆக்ஸாலிக் அமிலம், சட்டத்துக்கு நடுவுல தேனீ இருக்கற ஒவ்வொரு சந்துக்கும் 5 மில்லி. உங்க நாட்டுல அனுமதி உள்ள மருந்த அதோட லேபிள் சொல்ற அளவுல. புழு இருந்தா உண்ணி மூடின அறைக்குள்ள ஒளிஞ்சுக்கும், மருந்து பாதி வீண். இங்கயும் கருப்புத் தேனீக்கு ஒரு பாயின்ட் கூட, குளிர்காலத்துல அது முட்டைய சுத்தமா நிறுத்தறது மத்ததுங்கள விட நிச்சயம்.

கடைசியா ஒரு பெட்டியா ரெண்டு பெட்டியா. ரெண்டு. முன்னாடி சொன்ன ராணிப் பிரச்சனை எந்த வருஷம் வேணா வரும், ஒரே பெட்டி இருந்தா ராணி கெட்டுப்போச்சான்னு ஒப்பிட்டுப் பார்க்கக் கூட வழி இல்ல, ரெண்டு இருந்தா இதுல இருந்து முட்டை உள்ள சட்டம் ஒண்ண அதுல வைக்கலாம். ஆகஸ்ட் கடைசியில ஒண்ணு நாலஞ்சு சட்டம்தான் தேனீ இருக்குன்னா அத இழுத்துக்கிட்டுக் குளிர்காலத்துக்குள்ள போகாதீங்க. நல்லா பறக்கற, மகரந்தம் கொண்டு வர்ற கூட்டத்தோட ராணிய வெச்சுக்கிட்டு, இன்னொரு ராணிய எடுத்துடுங்க. ராணி உள்ள பெட்டி மேல ஒரு நியூஸ்பேப்பர விரிச்சு ஊசியால ரெண்டு மூணு குத்து குத்தி, மத்தத அது மேல சாயங்காலமா ஏத்தி வைங்க. பேப்பரக் கடிச்சுக் கிழிக்கறதுக்குள்ள ரெண்டு கூட்டத்து வாசனையும் கலந்துடும், சண்டை வராது. ஒரு வாரம் கழிச்சுத் திறந்து பேப்பர் தூள் வாசல்ல வந்து விழுந்திருக்கான்னு பார்த்துட்டு, சட்டங்கள ஒரே அறைக்குள்ள ஒழுங்குபடுத்திப் பாகு குடுக்க ஆரம்பிச்சுடலாம்.